ஆளுக்கு இரண்டு டயர்

மார்ச் 3

அண்ணிக்கு,

போனில் பேசினால் நம் இருவரில் ஒருவர் பாதியில் வைத்துவிடுகிறோம். கடைசியாக வைத்தது நான் என்று நீங்கள் சொல்வீர்கள். லைன் தானாகப் போனது என்று நான் சொல்வேன். அந்த விவாதமே வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். எழுத்தில் குறுக்கே பேச முடியாது.

விஷயம் வண்டி. வீடு என் பெயரில் இருக்கிறது. வண்டி, அண்ணனுக்குப் பிறகு, உங்கள் பெயரில் இருக்கிறது. ஆகவே உங்களைக் கேட்காமல் அதில் எதுவும் செய்வதாக இல்லை. கேட்காமல் செய்தால் மற்றவருக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் சொல்லி அனுப்பிய பல் டாக்டர் ஞாயிறன்று வந்தார். ஓய்வு பெற்றவர். ஏற்கெனவே மூன்று பழைய கார்கள் வைத்திருக்கிறாராம், நம்முடையது நான்காவதாக இருக்கும். ஷெட்டுக்குள் வண்டியைச் சுற்றி வந்து, ஒவ்வொரு கதவையும் விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். "சொத்தை இல்லை" என்றார். முகத்தில் சிரிப்பில்லை. நகைச்சுவையா பழக்கதோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. பிறகு குனிந்து டயரைப் பார்த்தார்.

"இதை மட்டும் மாத்திக் குடுத்துடுங்கம்மா. வண்டி தன் கால்ல என் வீட்டுக்கு வரணும். லாரியில ஏத்திட்டு வந்தா நோயாளியக் கொண்டு வர்ற மாதிரி இருக்கும்."

அண்ணன் 'நாளைக்காரர்' என்று பெயர் வைத்த அதே மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பெயருக்கு ஏற்றபடி சில நாள் கழித்து வந்தார். டயரில் கட்டைவிரலை அழுத்திப் பார்த்துவிட்டு, "பட்டன் அப்படியே இருக்கு மேடம். இன்னும் பத்து வருஷம் தாங்கும்" என்றார். பட்டன் என்று அவர்கள் சொல்வது டயரின் மேலுள்ள வெட்டுகளை. அவை ஆழமாக இருப்பது உண்மைதான். ஓடாத டயர் எப்படித் தேயும்? டார்ச்சை எடுத்து வந்து பக்கவாட்டில் அடித்துப் பார்த்தேன். தயாரித்த வாரமும் வருஷமும் நான்கு இலக்கமாக அச்சாகியிருக்கிறது. டயருக்கு வயது பதினேழு. ரப்பர் கண்ணாடி மாதிரி இறுகிக் கிடக்கிறது, ஓரங்களில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. காட்டினேன். "இவ்வளவு தெரிஞ்சா என்னை எதுக்கு மேடம் கூப்பிட்டீங்க?" என்று கோபித்துக்கொண்டார்.

இரண்டு வகை கிடைக்கிறது. ஒன்று, வண்டி பிறந்தபோது போட்டிருந்த பழைய நைலான் டயர், வெள்ளை வளையத்தோடு. டாக்டர் கேட்பது அதை. மற்றது ரேடியல். வளையம் இல்லை, கறுப்பாக இருக்கும், ஆனால் தரையைப் பிடிக்கும். இரண்டின் அளவுகளையும் தனித்தாளில் எழுதி வைத்திருக்கிறேன். என் கருத்து ரேடியல். உங்கள் கருத்தை எழுதவும்.

சின்னவள்


மார்ச் 12

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாவது முறை படித்தது, எங்கேயாவது 'எப்படி இருக்கிறீர்கள்' என்று இருக்கிறதா என்று தேடத்தான். டயருக்கு வயது கேட்டிருக்கிறாய். அண்ணிக்கு ஒரு நலம் கேட்கவில்லை.

நானே சொல்லிவிடுகிறேன். நன்றாக இருக்கிறேன். சிநேகிதியின் திரைச்சீலைக் கடையில் காலையிலிருந்து துணி அளக்கிறேன். வருகிற ஒருவருக்காவது தன் வீட்டு ஜன்னலின் அளவு தெரியவேண்டுமே! "பெரிய ஜன்னல்ங்க" என்று கையை விரித்துக் காட்டுகிறார்கள், தப்பிப்போன மீனைக் காட்டுகிற மாதிரி. கடைக்கு மேலேயே ஓர் அறை கொடுத்திருக்கிறாள். ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஒரு ஜன்னல். ஊருக்கெல்லாம் திரை தைக்கிறோம், என் ஜன்னலுக்கு இன்னும் போடவில்லை.

டயர் விஷயம். வாங்குகிறவர் நைலான் கேட்டால் நைலான் போட்டுவிடேன். நீலத் துணி கேட்டு வருகிறவரிடம் பச்சைதான் கண்ணுக்கு நல்லது என்று நான் சொற்பொழிவு செய்வதில்லை. அளந்து, வெட்டி, கொடுத்து அனுப்பிவிடுகிறேன். வண்டி போகட்டும். அது அங்கே நிற்கிறது என்ற நினைப்பு எனக்கு வேண்டாம்.

கேட்காமல் செய்வதைப் பற்றி நடுவில் ஓர் ஊசி வைத்திருக்கிறாய். குத்தியது. சட்டைகளைப் பற்றித்தானே? அவர் போன வாரத்துக்குள்ளேயே எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்பதுதானே? மாடியில் அலமாரியைத் திறக்கிற ஒவ்வொரு முறையும் அந்த மனிதர் எழுந்து வெளியே வந்தார், சின்னவளே. நீ கீழ் வீட்டில் இருந்தாய். உன் அலமாரியில் உன் துணி மட்டும்தான். சரி, அது முடிந்த விஷயம். அதற்காக நீ மாதக்கணக்கில் என்னோடு பேசாமல் இருந்ததும் முடிந்த விஷயம். படியில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்று எனக்கு வழி விடுவாயே, ஏதோ ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சருக்கு வழி விடுகிற மாதிரி. அதுதான் இன்னும் முடியவில்லை. அதனால்தான் கிளம்பி வந்தேன்.

நைலான் போடு.

அண்ணி


மார்ச் 21

அண்ணிக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? நீங்கள் சொல்லிக்கொடுத்துக் கேட்கிறேன் என்றாலும் கேட்பது நிஜம்தான்.

சட்டைகளைப் பற்றி ஒரே ஒரு வரி. ஒரு சட்டை எனக்கு வைத்திருக்கலாம். அவ்வளவுதான். அதற்குமேல் எழுதினால் இதுவும் போன் மாதிரி ஆகிவிடும்.

சனிக்கிழமை ஆய்வுக்கூடத்தில் அரை நாள் வேலை. குழாய்த் தண்ணீர் மாதிரிகளை முடித்துவிட்டு நேராக டயர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே, "இந்த வண்டிக்கு ரேடியலா? கோட்டு சூட்டுப் போட்டவருக்கு ஓட்டப்பந்தய ஷூ மாட்டுற மாதிரி இருக்கும் மேடம்" என்றார். நைலான் டயர் ஒரே இடத்தில் நின்றால் அடிப்பக்கம் தட்டையாகிவிடும், கிளம்பியதும் கொஞ்ச தூரம் தடதடவென்று ஆட்டும், சாலையில் ஒரு கோடு கிடந்தால் அதன் பின்னாலேயே ஓடும், மழையில் பிரேக் பிடித்தால் யோசித்துத்தான் நிற்கும் என்று நான் படித்ததைச் சொன்னேன். "எல்லாம் சரி. யார் ஓட்டுறாங்க?" என்று கேட்டார். இப்போதைக்கு யாரும் ஓட்டவில்லை என்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்து முதல் முறையாக என்னைப் பார்த்தார்.

அவர் கேள்வியில் நியாயம் இருக்கலாம். ஆனாலும் டாக்டர் வீடு வரை அது ஓடத்தானே வேண்டும்? வழியில் அந்தப் பாலமும் இறக்கமும் இருக்கின்றன. வளையம் அழகாக இருக்கிறது என்பதற்காக ஒருவரை அதில் உட்கார வைத்து அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ரேடியலில் ஒரு குறை உண்டு, மறைக்கவில்லை. வண்டி நிற்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பக் கொஞ்சம் கனக்கும். உங்கள் வலது தோள் வலி இப்போது எப்படி இருக்கிறது?

அளவுகள் எழுதிய தாளை இதோடு வைத்திருக்கிறேன்.

சின்னவள்


ஏப்ரல் 2

சின்னவளுக்கு,

பிடித்துவிட்டேன். விற்கப்போகிற வண்டி. ஸ்டியரிங் கனத்தால் டாக்டரின் தோள் வலிக்கும். என் தோளை எதற்கு விசாரிக்கிறாய்?

ஆராய்ச்சிக்காரிக்கு ரேடியல் பைத்தியம் எதனால் பிடித்தது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். இப்போது புரிகிறது.

தெருவில் எல்லோருக்கும் அது உன் அண்ணனின் வண்டி. துடைத்தது அவர். ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்குள்ளேயே எஞ்சினைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தவர் அவர். ஓட்டியது நான். அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "கியர் மாத்து, கியர் மாத்து, இப்ப கிளட்ச், ஐயோ மெதுவா!" என்று கத்துவார். நான் கியரை மாற்றி முடித்து வெகுநேரம் ஆகியிருக்கும். நீ பின் சீட்டில் ஜன்னலோரம் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கம்கூடத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பாய். கண்ணாடியில் பார்ப்பேன். உனக்கு அது பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியும். நீ சொன்னதில்லை.

கேட்டுக்கொள். நான் இனி ஓட்டமாட்டேன். கடைசியாக ஓட்டியது ஆஸ்பத்திரிக்கு. போகும்போது பக்கத்தில் அவர் இருந்தார், கத்தவில்லை. விளக்கு பச்சையான பிறகும் நான் கியர் போடாமல் நின்றபோதும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே தெரிந்துவிட்டது எனக்கு. திரும்பும்போது அந்தச் சீட்டைப் பார்க்காமல் ஓட்டினேன். போதும்.

டயருக்கு நீ மட்டும் செலவு செய்வது எனக்கு ஒத்துவராது. ஆளுக்கு இரண்டு. இரண்டை நீ அங்கே வாங்கு, இரண்டை நான் இங்கே வாங்கி அனுப்புகிறேன். ஸ்டெப்னியை டாக்டர் பார்த்துக்கொள்ளட்டும். எந்த டயர் என்று முடிவு செய்து எழுது. ஆனால் என்னை ஓட்ட வைக்கலாம் என்று நினைத்து முடிவு செய்யாதே.

அண்ணி


ஏப்ரல் 15

அண்ணிக்கு,

நீங்கள் ஓட்டப்போவதில்லை என்று எழுதிய பிறகு ரேடியலுக்கு வாதம் எதுவும் மிச்சமில்லை. கண்காட்சிக்குப் போகிற வண்டிக்குக் கண்ணுக்கு அழகானதைப் போடுவதே சரி. உங்கள் விருப்பப்படி நைலான், வெள்ளை வளையத்தோடு. என் பங்குக்கு இரண்டை இன்று வாங்கிவிட்டேன். உங்கள் பங்கு இரண்டையும் அதே வகையில் வாங்கி அனுப்புங்கள்.

உங்கள் கடிதம் வந்த அன்று ஷெட்டைத் திறந்து பின் சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். புத்தகம் எடுத்துப் போகவில்லை.

சின்னவள்


ஏப்ரல் 15

சின்னவளுக்கு,

உன் பதிலுக்குக் காத்திருந்தால் நீ இன்னும் நாலு கடை ஏறி இறங்கி நாலு பக்கம் எழுதுவாய். நானே முடித்துவிட்டேன்.

நேற்று ஒரு அம்மாள் கடைக்கு வந்து, மருமகளுக்குப் பிடித்த நிறம் எது என்று தெரியாமல் அரை நாள் துணியைப் புரட்டிக்கொண்டிருந்தாள். "கேட்டுட்டு வாங்களேம்மா" என்றேன். "கேட்டா எதுவானாலும் சரிம்பா. அவ அப்படித்தான்" என்றாள். எனக்கு உன் ஞாபகம் வந்துவிட்டது. நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நீ என்னிடம் எதையும் கேட்டதில்லை. முதல் முறையாக ஒன்றைப் பிடிவாதமாகக் கேட்கிறாய், அதுவும் டயர்! கொடுத்துவிட்டுப் போகிறேன். டாக்டர் முகத்தைச் சுளித்தால் சுளிக்கட்டும்.

ரேடியல் இரண்டு வாங்கிப் பார்சலில் போட்டாயிற்று. நீ எழுதியனுப்பிய அளவைக் கடைக்காரரிடம் நீட்டினேன், கொடுத்துவிட்டார். உன் பங்குக்கு நீயும் அதையே வாங்கிவிடு. ஓட்டமாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான்.

அண்ணி


மே 6

அண்ணிக்கு,

நம் கடிதங்கள் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. இத்தனை வருஷமாக எதற்கும் விட்டுக்கொடுக்காத நாம் இருவரும் ஒரே நாளில் விட்டுக்கொடுத்ததன் பலன் ஷெட்டில் சாய்ந்து நிற்கிறது. இரண்டு நைலான், இரண்டு ரேடியல்.

என் கடைக்காரர் திருப்பி எடுக்கமாட்டார். உங்கள் கடைக்காரருக்கும் போன் செய்தேன். "அவங்க சந்தோஷமா வாங்கிட்டுப் போனாங்களே" என்றார்.

நாளைக்காரர் வந்தார். நான்கையும் பார்த்தார். ஒரு டயரின் மேல் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் வரை நிறுத்தவில்லை. "ஆளுக்கொரு பக்கம் இழுக்கறதுக்கு இது என்ன குடும்பமா மேடம்? கார்!" என்றார். நியாயமான கேள்வி.

இரண்டு வகையையும் கலந்து போடக்கூடாது என்பதுதான் விதி. கட்டாயம் போட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் ஒரு வழி உண்டு, முன்னால் நைலான், பின்னால் ரேடியல், வேகம் கூடாது. நாளைக்காரர் மாற்றித்தான் போடுவேன் என்று நின்றார். "நல்ல டயர் முன்னாடிதான் மேடம் போகணும். முகம் மாதிரி அது" என்றார். முன்பக்கம் மட்டும் இறுகப் பிடித்தால் வளைவில் பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றிவிடும் என்றேன். "நீங்க எங்க மேடம் மெக்கானிக் படிச்சீங்க?" தண்ணீரில் உப்பு பார்க்கிறேன் என்றேன். "அதான பார்த்தேன்" என்றார். அரை மணி நேரம் வாதம். அவர் வேறு ஒரு மெக்கானிக்குக்குப் போன் செய்தார், அந்த ஆள் இவரை என்னவோ திட்டினார். பிறகு நான் சொன்னபடியே மாட்டிவிட்டுப் போனார். போகும்போது, "குடுத்த காசுக்கு வாத்தியார் வேலையும் பார்த்துட்டீங்க" என்றார்.

டாக்டர் வந்து பார்த்தார். "மேல் வரிசை நிஜம், கீழ் வரிசை கட்டுன பல்லு" என்றார். பின்னால் இருப்பதைத் தானே மாற்றிக்கொள்வாராம். ஒரே ஒரு நிபந்தனை. கலப்பு டயரில் நாளைக்காரர் ஓட்டக்கூடாது, இந்த வண்டியை ஓட்டிப் பழகிய ஒருவர்தான் ஓட்டி வரவேண்டும். "உங்க வீட்ல யார் ஓட்டுனாங்களோ அவங்க வரட்டுமே" என்றார். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினேன்.

நான் உங்களைக் கேட்கவில்லை. நடந்ததை எழுதுகிறேன், அவ்வளவுதான்.

சின்னவள்


மே 17

சின்னவளுக்கு,

கடையில் வைத்துப் படித்துவிட்டேன், அதுதான் தப்பு. சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கத்தரிக்கோல் நழுவி ஒரு நல்ல துணி கோணலாகப் போய்விட்டது. சிநேகிதி என்னடி என்று கேட்டாள். எங்க வீட்டுக் கார் என்றேன். சொன்ன பிறகுதான் நினைத்தேன், எங்க வீடு என்று எதைச் சொன்னேன்?

சிரித்து முடித்துவிட்டு மாடிக்கு வந்து மறுபடி படித்தேன். சிரிப்பு வரவில்லை.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். நீ மார்ச்சில் ஆரம்பித்தாய். மே பாதி போய்விட்டது. ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால் அதில் என்னென்ன இருக்கிறது என்று மறுநாள் சொல்லுகிறவள் நீ. நாலு டயருக்கு உனக்கு இவ்வளவு நாளா? லாரியில் ஏற்றுவது டாக்டருக்குப் பிடிக்காவிட்டால் வேறு ஆள் வாங்கமாட்டானா? நாளைக்காரரை விட்டால் ஊரில் ஓட்டத் தெரிந்தவனே இல்லையா? விற்க மனமில்லை என்றால் மனமில்லை என்று எழுது. வண்டியை உன் பெயருக்கே மாற்றித் தருகிறேன். கையெழுத்துப் போட எனக்கு ஒரு நிமிஷம்.

அண்ணி


ஜூன் 9

அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தைப் பல முறை எழுதிக் கிழித்துவிட்டேன். மழுப்பாமல் சொல்லச் சொன்னீர்கள்.

வண்டியை விற்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. எனக்கு ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. என் பெயருக்கு மாற்ற வேண்டாம்.

வண்டி போய்விட்டால் நீங்கள் எனக்கு எழுத என்ன இருக்கிறது?

நம் இருவருக்கும் குழந்தைகள் இல்லை. அண்ணன் இல்லை. மாடி பூட்டியிருக்கிறது. இந்த வீட்டுக்கும் உங்களுக்கும் நடுவில் மிச்சமிருப்பது ஷெட்டில் நிற்கிறது. அது டாக்டர் வீட்டுக்குப் போன மறுநாள், நீங்கள் எனக்கு யார் என்று கேட்டால் என் அண்ணனின் மனைவியாக இருந்தவர் என்று சொல்லவேண்டியிருக்கும். எனக்கு அந்த வாக்கியம் பிடிக்கவில்லை.

மாலையில் வேலையிலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது வாசலில் ஏதாவது கிடக்கிறதா என்று முதலில் தரையைப் பார்க்கிறேன். உங்கள் கையெழுத்து இருந்தால் உடனே பிரிப்பதில்லை. கை கால் கழுவி, விளக்கைப் போட்டு, உட்கார்ந்த பிறகுதான் பிரிப்பேன். டயரைப் பற்றி நான் இவ்வளவு படித்ததற்குக் காரணம் அதுதான். ரேடியல் நல்லது என்பதும் உண்மைதான், அது வேறு.

படியில் சுவரோடு ஒட்டி நின்றதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வழி விடுவதற்காக நிற்கவில்லை. நீங்கள் நின்று ஏதாவது சொல்வீர்களோ என்று நின்றேன்.

இதற்குப் பதில் எழுதவேண்டும் என்று கட்டாயம் இல்லை.

சின்னவள்


ஜூலை 8

சின்னவளுக்கு,

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். டாக்டரிடம் சொல்லிவை. டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று நீயே பார், நாளைக்காரரை நம்பாதே. பாட்டரியை இது கிடைத்த அன்றே சார்ஜில் போடு.

நீ முன் சீட்டில் உட்கார். கத்தக் கூடாது.

அண்ணி


ஜூலை 20

அண்ணிக்கு,

நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தீர்களா?

உங்களுக்குத் தெரிந்ததை நான் எழுதத் தேவையில்லை. தெரியாததை எழுதுகிறேன். டாக்டர் வீட்டு வாசலில் நீங்கள் சாவியைக் கொடுத்துவிட்டு அங்கிருந்தே பஸ் ஏறிவிட்டீர்கள். பஸ் திரும்பும்வரை கையை ஆட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் மறுபக்கம் உட்கார்ந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. யாரோ ஒரு பெரியவர் பதிலுக்குக் கையை ஆட்டினார்.

டாக்டரின் மனைவி உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். "அவங்க உங்க அக்காவா?" என்று கேட்டார். அண்ணி என்றேன். "ரெண்டு பேரும் வழியெல்லாம் பேசிட்டே வந்திருப்பீங்க" என்றார். ஆமாம் என்றேன். பாலத்துக்கு அப்பால் நீங்கள் "இப்ப கியர் மாத்தணும்னு சொல்லு" என்று கேட்டதையும் நான் சொன்னதையும் தவிர நாம் எதுவும் பேசவில்லை என்பதை அவருக்கு எதற்குச் சொல்லவேண்டும்?

அன்று காலை நீங்கள் மாடி ஏறவில்லை. மாடிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டுதான் நின்றேன். நீங்கள் பார்த்தீர்கள், நேராக ஷெட்டுக்குப் போனீர்கள்.

வீடு திரும்பியபோது ஷெட்டின் கதவு திறந்தே கிடந்தது. பூட்டவா வேண்டாமா என்று குழம்பி நின்றேன். உள்ளே பூட்டி வைக்க எதுவும் இல்லை. கடைசியில் பூட்டிவிட்டேன். ஷெட் இவ்வளவு பெரியது என்று இதுவரை தெரியாது. எதிர்வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரை அங்கே நிறுத்திக்கொள்ளலாமா என்று மறுநாளே கேட்டுவிட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை.

கேட்க வந்ததை இன்னும் கேட்கவில்லை. அடுத்த மாதம் எனக்குச் சேர்ந்தாற்போல் இரண்டு நாள் விடுமுறை வருகிறது. உங்கள் ஊருக்கு வரலாமா? ஒரு நாள் மட்டும். பகல் பஸ்ஸில் வந்து மாலையில் திரும்பிவிடுவேன். ஒத்துவராவிட்டால் ஒத்துவராது என்று மட்டும் எழுதுங்கள், காரணம் வேண்டாம்.

சின்னவள்


ஆகஸ்ட் 2

சின்னவளுக்கு,

இப்போது வராதே.

காரணம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். அதெல்லாம் உன் வசதி. நான் சொல்லத்தான் செய்வேன். நீ வந்து இந்த அறையைப் பார்ப்பாய். கட்டிலைப் பார்ப்பாய், ஸ்டவ்வைப் பார்ப்பாய், ஒன்றும் சொல்லமாட்டாய். மாலையில் நீ கிளம்பும்போது உன் பின்னாலேயே பையைத் தூக்கிக்கொண்டு நானும் பஸ் ஏறிவிடுவேன். அங்கே வந்தால் மாடியைத் திறக்கவேண்டும். அன்று உன் கையில் சாவி இருந்ததைப் பார்த்தேன். பார்த்ததால்தான் நிற்காமல் ஷெட்டுக்குப் போனேன். என்னால் இன்னும் முடியாது. இங்கே தனியாக இருக்க இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன். அரைகுறையாகப் பழகியிருக்கிறேன். நடுவில் கலைக்காதே. முடிந்ததும் நானே கூப்பிடுகிறேன். எப்போது என்று கேட்காதே, எனக்கும் தெரியாது.

ஆனால் எழுது. வண்டி போனால் எழுத என்ன இருக்கிறது என்று கேட்டாயே, அந்தக் கடிதத்துக்கு ஒரு மாதம் பதில் தேடினேன். கிடைக்கவில்லை. எதுவும் இல்லைதான். எதுவும் இல்லாமல் எழுது. உனக்கு வேலை இல்லாத கடிதம் எழுத வராது என்று தெரியும். அன்றைக்கு என்ன செய்தாய் என்று எழுது, அது போதும். ஸ்கூட்டரை நிறுத்தட்டும் என்று சொல்லிவிடு. ஷெட்டில் ஏதாவது நின்றால்தான் நீ கதவைத் திறப்பாய்.

நான் முதலில் ஆரம்பிக்கிறேன். இன்று காலையில் எழுந்ததே தாமதம். ஒரு தம்பதி வந்து ஒரே ஜன்னலுக்கு இரண்டு வேறு அளவு சொல்லிச் சண்டை போட்டார்கள். நான் இரண்டுக்கும் நடுவில் வெட்டிக் கொடுத்தேன். மதியம் தூங்கி வழிந்தேன். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் நடக்கலாம் என்று போனேன், ரயில்வே கேட் வரை போனதும் நல்ல மழை பிடித்துக்கொண்டது. குடை கடையிலேயே கிடந்தது. நனைந்துகொண்டே திரும்பி வந்தேன், அவசரப்படவில்லை. படியேறி வந்து அறையைத் திறந்து சொட்டச் சொட்ட நின்றேன். குடை எங்கே, இப்படியா நனைந்து வருவது என்று கேட்க ஆள் இல்லை.

நீ கேள்.

அண்ணி